வீக்கத்துக்குக் கால அட்டவணை கிடையாது

இருபத்தாறு வருடங்களாக நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, தாமதம் என்றால் எத்தனை நிமிடம், அதற்கு யார் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. ஓட்டுநர்கள் முகத்துக்கு நேராக என்னை "டைம் சார்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத முடியாது. இப்படி நிமிடக் கணக்கில் வாழ்கிற நான் ஒரு மூக்கிடம் தோற்றுப்போனேன். அதுவும் என் மனைவியின் மூக்கிடம்.

அவளுக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடி அறை. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு மைக். "ஏழாம் நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்" என்று ஒலிபெருக்கியில் வரும் குரல் அவளுடையது. இருபத்தொரு வருடமாக வருகிறது. நிலையத்தில் அவளுக்குப் பெயரே கிடையாது. பெருக்குகிறவர் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் "மைக்கக்கா"தான். வீட்டில் நானும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவேன். இந்தக் கதை நெடுக எனக்குக் கோபம்தான் என்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மைக்கக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் ஊஞ்சல் பலகை முகத்தில் அடித்து மூக்கு எலும்பு விலகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது தன் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது, கோணலாக. வெளியே பார்த்தால் லேசான வளைவு, அவ்வளவுதான். உள்ளே நடுச்சுவர் சாய்ந்து இடது துவாரத்தை முக்கால்வாசி அடைத்திருந்தது. அதனால் குரலில் எப்போதும் ஒரு மெல்லிய அடைப்பு இருக்கும். எனக்கே அது காதில் விழாது. அவளுக்கு விழும். அறிவிப்பை முடித்து மைக்கை அணைத்த பிறகு, தன் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்புவதைக் கேட்டு முகத்தைச் சுளிப்பாள். இருபத்தொரு வருடமும் சுளித்தாள்.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் நேரடி அறிவிப்பு கிடையாது. எல்லா ஊர்ப் பெயர்களையும் எண்களையும் வாக்கியங்களையும் ஒரே நாளில் பதிவு செய்து கணினியில் ஏற்றிவிடுவார்கள், பிறகு அதுவே பேசிக்கொள்ளும். குரல் மைக்கக்காவுடையது. ஆள் மட்டும் விசாரணைக் கவுண்டருக்கு மாற்றம். மைக்கைப் பிடுங்கிவிட்டார்களே என்று அழுவாள், சமாதானம் சொல்லவேண்டியிருக்கும் என்று நான் சில வார்த்தைகள்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப நான் ரிட்டையர் ஆன பிறகும் இந்தக் குரல்தான் பேசிட்டு இருக்கும். மூக்கடைச்ச குரலா அது இருக்கக் கூடாதுங்க" என்றாள். மறுநாளே மூக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

தேதி குறித்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் மறைத்ததாக ஆகும்.

பதிவுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. உடனே ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். நான்தான் தடுத்தேன். ஆபரேஷனுக்கு ஒரு விடுப்பு, பதிவுக்கு ஒரு விடுப்பு என்று இரண்டு தடவை எதற்கு அலையவேண்டும், இரண்டையும் ஒரே விடுப்பில் முடித்துவிடலாம் என்றேன். டாக்டரிடம் டைரியும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டேன்.

"வீக்கம் எத்தனை நாள்ல வடியும் டாக்டர்?"

"கண்ணைச் சுத்தி நீலம் பாரிக்கும். அதெல்லாம் பத்து நாள்ல போயிடும். பன்னெண்டாம் நாள் தாராளமா வெளிய போகலாம். ஆனா உள்ள..."

நான் பன்னிரண்டு என்று எழுதி, உபரிக்கு இரண்டு நாள் சேர்த்து, பதிவுக்குப் பதினான்கு நாள் முன்னால் ஆபரேஷன் என்று அடிக்கோடிட்டு டைரியை மூடிவிட்டேன். பன்னிரண்டு நாள் ஓட்டத்துக்கு இரண்டு நாள் உபரி என்பது என் தொழிலில் மிகத் தாராளம். டாக்டர் "ஆனா உள்ள" என்று ஆரம்பித்தது காதில் விழுந்தது. அதற்குள் நான் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூக்கின் மேல் அது அசையாமலிருக்க ஒரு வெள்ளைக் கட்டை, இரண்டு கன்னத்திலும் பிளாஸ்திரி, மூக்குக்குக் கீழே மீசை போல ஒரு பஞ்சு. நர்ஸ் மூன்று பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். படித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் மூன்று நாள், விழித்திருக்கும்போது மணிக்கு இருபது நிமிடம் ஐஸ் ஒத்தடம். மூக்கின் மேல் வைக்கக்கூடாது, கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும்தான். படுக்கும்போது மூன்று தலையணை, மல்லாந்துதான் படுக்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. உப்பைக் குறைக்கவேண்டும். ஆவி பிடிக்கவே கூடாது. ஆறு வாரத்துக்கு மூக்குக் கண்ணாடி மூக்கில் உட்காரக்கூடாது. எல்லாமே எண்கள். இதைவிட எனக்குத் தோதான வேலை உலகத்தில் உண்டா?

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டினேன். உறைந்த பட்டாணிப் பாக்கெட் இரண்டு வாங்கி ஒன்றாம் வண்டி, இரண்டாம் வண்டி என்று ஒட்டுத்தாளில் எழுதினேன். ஒன்று துணியில் சுற்றி முகத்தில் இருக்கும்போது மற்றது உள்ளே குளிரும். புறப்பாடு, வருகை, தாமதம், காரணம் என்று நான்கு கட்டம். முதல் நாளே ஆறு நிமிடத் தாமதம் ஒன்று விழுந்தது. காரணக் கட்டத்தில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினேன்.

"என்ன எழுதினீங்க?" என்றாள் கண்ணைத் திறக்க முடியாமல்.

"உள்ளத எழுதினேன்."

"ரெண்டாம் வண்டிய எடுத்துட்டு வாங்க. ஒண்ணாம் வண்டி உருகி காதுக்குள்ள போகுது."

இரண்டாம் நாள் காலையில் அவள் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் அட்டவணையைச் சரிபார்த்தேன். கண்கள் இரண்டும் கீறலாகிப்போயின. இமையும் கன்னமும் கத்தரிக்காய் நிறம். முதல் நாளைவிட இரண்டு மடங்கு வீக்கம். அட்டவணையில் ஒரு குறை இல்லை, பதினோரு நடை ஐஸ் சரியாக ஓடியிருக்கிறது, பிறகு எப்படிக் கூடும்? மருத்துவமனைக்குப் போன் போட்டேன்.

"நேத்தைவிட இன்னிக்கு அதிகமா இருக்கே சிஸ்டர். எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"தப்பு ஒண்ணும் இல்ல சார். ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் உச்சம். அப்புறம் இறங்கும்."

"அத ஏன் தாள்ல எழுதல?"

"மூணாம் பக்கம் பாருங்க சார்."

மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எண்கள் இருந்த முதல் இரண்டு பக்கத்தைத்தான் நான் படித்திருந்தேன்.

நோயாளிகளில் பல ரகம் உண்டு. மைக்கக்கா சும்மா இருக்கத் தெரியாத ரகம். கீழே ஒரு கரண்டி விழுந்தால் அதை எடுக்காமல் அவளால் மூச்சுவிட முடியாது. "குனியாதே" என்று நான் கத்துவேன், "குனியல, பாக்கறேன்" என்பாள். பதிவுக்கான தாள்கள் நாற்பது பக்கம் தலைமாட்டில் இருந்தன, அறுநூறு வரிக்கு மேல். கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கைவிரல்கூடத் தெரியாது. கண்ணாடியோ மூக்கில் உட்காரக்கூடாது. கடைசியில் கண்ணாடியின் நடுப்பாலத்தில் பிளாஸ்திரி ஒட்டி அதை நெற்றியோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். நீல முகம், வெள்ளைக் கட்டை, நெற்றியிலிருந்து தொங்கும் கண்ணாடி. அந்தக் கோலத்தில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்து ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்தாள். பார்க்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. நான் சிரித்தால் அவளுக்கும் சிரிப்பு வரும், சிரித்தால் தையல் இழுக்கும்.

மூன்றாம் நாள் அவள் தங்கை வந்து சேர்ந்தாள். பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள், கையில் ஒரு வாரத்துக்கான பெட்டி இருந்தது. என் மச்சினிக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. அவள் அலுவலகத்தில் யாரோ ஒருவருக்கு வராத வியாதியும் கிடையாது. வந்த அரை மணி நேரத்தில் என் அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இது மனுஷ முகமா, பஸ் ரூட்டா?" என்றாள். பகல் சாப்பாட்டில் உப்பு ஏறியிருந்தது.

"உப்பு வேண்டாம்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கேன்."

"உப்பில்லாம மனுஷங்க எப்படி மாமா சாப்பிடறது?"

"வீங்கினவங்க சாப்பிடுவாங்க. உனக்கு வேணும்னா தனியா போட்டுக்கோ."

"அக்கா மூஞ்சியப் பாத்தா எனக்கு அழுகையா வருது. உங்களுக்கு மணி பாக்கத்தான் தெரியும்."

இப்படியாக வீட்டில் ஒரு வீக்கம் போதாதென்று இரண்டாவதும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏழாம் நாள் கட்டையை எடுத்தார்கள். மூக்கு நேராக இருந்தது. பருத்திருந்தது, ஆனால் நேராக இருந்தது. கண்ணைச் சுற்றியிருந்த நீலம் பச்சையாகி, கன்னத்தில் இறங்கி, மஞ்சளாகித் தாடை ஓரம் வரை வந்தது. தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எழுந்தவுடன் முகம் உப்பியிருக்கும், உட்கார்ந்தே இருந்தால் சாயங்காலம் வடிந்திருக்கும், அதையும் குறித்தேன். பத்தாம் நாள் கண்ணுக்குக் கீழே மட்டும் லேசான மஞ்சள் மிச்சம். டாக்டர் சொன்ன அதே பத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, ரைட் டைம்" என்றேன். "இனிமே வாயைத் திறந்து பேசிப் பழகு. நாலு நாள் இருக்கு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஏழாம் நடைமேடையில் நிற்கும் வண்டி" என்றாள். குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. ம, ந, ண எதுவும் வெளியே வரவில்லை, எல்லாம் உள்ளேயே முட்டிக்கொண்டு நின்றன. பழைய அடைப்பு முக்கால் என்றால் இது முழுசு. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் குடம். மூன்றாவது தடவை சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

டாக்டர் போனில் பொறுமையாகத்தான் பேசினார். "வெளி வீக்கம் வேற, உள் வீக்கம் வேற. உள்ள முழுசா வடிய ஆறு வாரம் ஆகும். சிலருக்கு மூணு மாசம்கூட ஆகும். அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க எழுந்துட்டீங்க."

நான் மேனேஜரிடம் ஓடினேன். பதிவைத் தள்ளிப்போட முடியாது என்றார். பதிவுக்காரர் ஒன்பது நிலையங்களுக்கு வரிசையாகப் போகிறார், இங்கே ஒரே ஒரு நாள்தான், முடியாதென்றால் பக்கத்து நிலையத்து அம்மாவின் குரலையே இங்கேயும் போட்டுவிடுவார்கள். நான் விடாமல் கெஞ்சியதில் அவருக்கு அலுத்துவிட்டது.

"எதுக்கு சார் இவ்வளவு பதற்றம்? அறிவிப்பை யார் கேக்கறாங்க? எல்லாரும் போர்டைப் பாத்துட்டுப் போறாங்க. நம்பர் புரிஞ்சா போதும்."

காலை எட்டு மணி என்றிருந்ததைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றிக்கொடுத்தார், அவ்வளவுதான். சாயங்காலம் வீக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்பது என் குறிப்பேடு கண்டுபிடித்த ஒரே உருப்படியான விஷயம்.

மேனேஜர் சொன்னதை நான் வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. எரிச்சலில் இருந்தேன். தினமும் நாலு மணி நேரம் ஆவியும் தைலமுமாக உட்காரலாமா என்று மச்சினி ஆரம்பித்தாள், மைக்கக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குப் பொறுக்கவில்லை. "அறிவிப்பை யார் கேக்கறாங்கன்னு மேனேஜரே கேக்கறாரு. நீ எதுக்கு உயிரை விடற?" என்று கேட்டுவிட்டேன். ஆறுதலாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் தாளை மடித்து வைத்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து உரித்து எடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் மூக்குக்கு அடிக்கும் உப்புநீர் வாங்க மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். சமையலறையில் ஒரு பெரிய பாத்திரம், அதன் மேல் ஒரு போர்வை, போர்வைக்குள் மைக்கக்கா. தலை நன்றாகக் குனிந்திருந்தது. பக்கத்தில் மச்சினி போர்வையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குனியக்கூடாது, சூடு கூடாது, ஆவி கூடவே கூடாது. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் முடித்துவிட்டார்கள்.

போர்வையை இழுத்தேன். அவள் நிமிர்ந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் உட்காரவைத்து, மூக்குக்குக் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து ரத்தத்தை நிறுத்தினார். எங்கள் மூன்று பேரையும் ஒருவர் விடாமல் பார்த்தார், திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்தபோது மைக்கக்காவின் கண்ணுக்குக் கீழே வடிந்துபோன வீக்கம் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. மச்சினியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரமாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினேன். அவள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களையும் விடவில்லை. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள்.

"அவளத் திட்டாதீங்க" என்றாள் மைக்கக்கா. பஞ்சுக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலைப் புரிந்துகொள்ளவே சிரமமாக இருந்தது. "நான்தான் தண்ணி வெக்கச் சொன்னேன். நீங்க குறிச்ச தேதிக்கு நான் வேற என்ன பண்றது?"

பன்னிரண்டு நாளில் தேதியைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது. எல்லாத் தாமதத்துக்கும் காரணம் எழுதுகிறவன் நான். இந்தத் தாமதத்துக்குக் காரணம் யார் என்று கட்டம் கட்டி எழுதவேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது.

பதினான்காம் நாள் காலையிலிருந்து அவள் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள், ஒரு நிமிடம் சாயவில்லை. வெளிச்சத்தம் வராமலிருக்க மேனேஜர் அறையின் ஜன்னல்களில் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டுப் பதிவுக்காரர் காத்திருந்தார். கண்ணாடியை நானே நெற்றியில் ஒட்டிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு மெல்லியது, உள்ளே பேசுவது கேட்டது.

முதல் வரியிலேயே பதிவுக்காரர் நிறுத்தினார். "மேடம், சளியா?"

"இல்ல. ஆரம்பிங்க."

அறுநூற்றுப் பன்னிரண்டு வரி. ஊர்ப் பெயர்கள், பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை எண்கள், "தாமதத்துக்கு வருந்துகிறோம்", "உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்". ஒரு வரியைக்கூட அவள் மென்று விழுங்கவில்லை. குடத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். மூக்கு ஒழுகியது, சிந்தக்கூடாது, அதனால் இடையிடையே உறிஞ்சினாள். இரண்டு தரம் தண்ணீர் கேட்டாள். மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு வெளியே வந்து, "முடிஞ்சுது, வாங்க போலாம்" என்றாள். அவளை நேருக்கு நேர் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியை உரிக்கிற சாக்கில் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து, "என்னங்க, டீ ஆறுது" என்று யாரோ கூப்பிட்டார்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று நுரையோடு எட்டிப்பார்த்தேன். அவள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் டம்ளரோடு, தன் குரலைத் தானே கேட்டு, அசையாமல் நின்றாள். அவ்வளவு சுத்தமான குரல். இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு அது அறிமுகமே இல்லாத குரல்.

அதே நாள் ஒன்பது மணிக்கு நிலையத்துக்குள் நுழைகிறோம், கூரையிலிருந்து குடத்துக் குரல் இறங்குகிறது. ஒன்பதாம் நடைமேடை அறிவிப்புக்கு முன்னால் அவள் மூக்கை உறிஞ்சியதைப் பதிவுக்காரர் வெட்டாமல் விட்டிருந்தார். ஆகவே ஒன்பதாம் நடைமேடையில் எந்த வண்டி புறப்பட்டாலும் நிலையம் முழுக்க ஒரு உறிஞ்சல் கேட்கும். நாளைக்கு முப்பத்து நாலு தடவை, நான் எண்ணியிருக்கிறேன்.

விசாரணைக் கவுண்டர் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. "இப்ப என்ன சொன்னாங்க?" என்று ஆட்கள் வந்து கேட்பார்கள். மைக்கக்கா அதையே தன் புதுக் குரலில் திருப்பிச் சொல்லுவாள். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே ஆள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் நடைமேடை அறிவிப்பு வரும் நேரத்தை அவள் எப்படியோ மனதில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் கவுண்டரின் கண்ணாடியை இழுத்துச் சாத்திவிடுவாள். அந்த மூக்கைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். என் அறையில் உட்கார்ந்து வண்டி நேரம் எழுதும்போது அந்த உறிஞ்சல் கேட்டால் எனக்குப் பேனா நின்றுவிடும்.

புகார்ப் புத்தகம் அந்தக் கவுண்டரில் சங்கிலி போட்டுத் தொங்கும். பயணிகள் எழுதுவார்கள். கழிவறை நாற்றம், நடத்துநர் திட்டினார், பெஞ்சு உடைந்திருக்கிறது. மாதக் கடைசியில் கவுண்டரில் இருப்பவர் படித்து மேனேஜரிடம் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் எதிரே "எடுத்த நடவடிக்கை" என்று ஒரு கட்டம். தலைமை அலுவலகம் எதை மன்னித்தாலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மன்னிக்காது.

பதிவுக் குரல் பேச ஆரம்பித்த மூன்றாம் மாதக் கடைசியில், மத்தியான நேரம், மைக்கக்கா சங்கிலியைக் கழற்றிப் புத்தகத்தை என் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேஜையில் வைத்து, "படிங்க" என்றாள்.

"மைக்கில் பேசும் அம்மாவுக்கு மூன்று மாதமாகச் சளி. ஒரு நாள்கூட விடுப்புக் கொடுக்காமல் பேச வைக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் மனசாட்சி உண்டா? தினசரிப் பயணி."

அடுத்தது வேறு கையெழுத்து. "எனக்குக் கண் தெரியாது. இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். இந்த அம்மா குரலை வைத்துத்தான் பதினெட்டு வருடமாக வண்டி ஏறுகிறேன். சில மாதமாக அவர் குரல் சரியில்லை. உடம்புக்கு என்ன என்று தெரிவிக்கவும்."

அதற்கடுத்து: "ஒன்பதாம் நடைமேடைக்கு ஒரு கைக்குட்டை வாங்கிக் கொடுக்கவும்." அதற்கும் கீழே, பென்சிலில்: "அந்த அக்காவை யாராவது ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்."

நான் அங்கே நிறுத்தி அவளைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள், சிரிப்பு நடுவில் எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. முந்தானையில் மூக்கை நன்றாகச் சிந்தினாள். இப்போது சிந்தலாம்.

"பத்தொம்பது பேர்ங்க" என்றாள். "இந்த மாசம் மட்டும்."

புத்தகத்தை நானே மேனேஜரிடம் எடுத்துப்போனேன், அவளும் கூட வந்தாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பத் திருப்ப முகம் சுருங்கியது.

"பத்தொம்பது கட்டமா? என்ன சார் எழுதறது இதுக்கு?"

"அறிவிப்பை யாரும் கேக்கறதில்லன்னு எழுதுங்க சார்" என்றேன். இருபத்தாறு வருடப் பணியில் நான் இவ்வளவு அனுபவித்துச் சொன்ன வாக்கியம் வேறு கிடையாது.

அவர் என்னை முறைத்துவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். சார், ஆமா சார், பத்தொன்பது சார், கட்டத்தை என்ன சார் பண்றது என்று கால் மணி நேரம் போனது. அதற்குள் மைக்கக்கா பேனாவை எடுத்துக் கண் தெரியாதவரின் புகாருக்கு எதிரே எழுத ஆரம்பித்தாள். "அறிவிப்பாளருக்குச் சளி இல்லை. மூக்கில் ஆபரேஷன் நடந்தது. வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது நலமாக இருக்கிறார். விசாரித்ததற்கு நன்றி." கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்.

மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "மறுபடி பதிவு பண்ணிடலாம்னு சொல்றாங்க. ஆளை அனுப்பறாங்களாம். எந்தத் தேதி வெச்சுக்கலாம்?"

பழக்க தோஷம், என் கை சட்டைப் பையிலிருந்த டைரியை எடுத்துப் பிரித்துவிட்டது. மைக்கக்கா அதை என் கையிலிருந்து வாங்கினாள், மூடினாள், தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"தேதிய மட்டும் நீங்க குறிக்க வேண்டாங்க" என்றாள். ம, ந, ண எல்லாம் ஒன்று விடாமல் சுத்தமாக வெளியே வந்தன.